ஜார் மன்னருக்குக் கொடுத்த தேன்

1

போன கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து என் ஒன்றுவிட்ட தம்பி ஜெயம் தொலைபேசி எடுத்தான். சுகம் விசாரித்தான், குளிர் விசாரித்தான், என் முழங்கால் விசாரித்தான். கடைசியில் வந்த விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணை, உங்கட மருமேன் ரஷ்யன் எண்டு இஞ்ச கதைக்கினம். உண்மையோ?"

"இல்லையடா."

"அப்ப டென்மார்க்காரனோ?"

"அதுவும் இல்லை."

"எஸ்தோனியா எண்டும் ஆரோ சொல்லிச்சினம்."

"பாஸ்போட் எஸ்தோனியா. ஆள் பாஷ்கீர்."

ஜெயம் மெதுவாகக் கேட்டான்: "அது என்னண்ணை, வேதமோ நாடோ?"

கேள்வி சின்னது, பதில் நானூறு ஐந்நூறு வருடம் நீளமானது. அதைத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் ஜெயம் அடுப்பில் ஏதோ கருகுது என்று சொல்லி ஓடிவிடுவான். ஆகவே எழுதுகிறேன். எழுத இன்னொரு காரணமும் உண்டு. நேற்றுடன் என் மகள் அனுஷாவின் கலியாணத்துக்கு ஒரு வருடம் நிறைந்தது. அதற்குக் கணக்காக ஒரு தேன் பொதியும் வந்து சேர்ந்தது. சுப்பர்மார்க்கெட்டின் பொதி எடுக்கும் இடத்தில், சிகரெட்டுக்கும் லொத்தர் சீட்டுக்கும் நடுவே நின்று கையெழுத்து வைத்து வாங்கி வந்தேன். அந்தப் பெண் பொதியைக் குலுக்கிப் பார்த்து, "இது ஒழுகுதே" என்றாள். தேன் என்றால் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்.

2

நான் டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெடெல் என்கிற பராமரிப்பு வேலை பார்க்கிறேன். உடைந்த கதிரை, அடைத்த குழாய், தொலைந்த சாவி எல்லாம் என் ராச்சியம். மனைவி ரஞ்சி முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருக்கிறாள். அனுஷா விபோர்க்கில் தாதியாக வேலை செய்கிறாள்.

எங்கள் வீட்டில் 'பசிக்குது', 'காசு முடிஞ்சுது' போன்ற செய்திகள் தமிழில் வரும். பாரதூரமான செய்தி என்றால் டெனிஷில் வரும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறியை நடுவில் வைத்துக்கொண்டு அனுஷா டெனிஷில் ஒரு நீண்ட வசனம் தொடங்கியபோதே நான் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தேன். அவளுக்கு ஒரு பெடியன் இருக்கிறானாம். பெயர் இல்தார். காற்றாலைகள் திருத்துகிறானாம். எஸ்தோனியாவிலிருந்து வந்தவனாம், வீட்டில் ரஷ்ய மொழியும் பேசுவானாம்.

"ரஷ்யனோ?" என்றாள் ரஞ்சி. "பிள்ளையைப் பனிக்குள்ள கொண்டுபோய் வைச்சிருக்கப் போறான்."

"நாங்கள் இப்ப என்ன பாலைவனத்திலையோ இருக்கிறம்?" என்றேன். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு கிழமை கழித்துப் பெடியன் வந்தான். நல்ல உயரம், சப்பட்டை முகம், கூச்ச சுபாவம். ரஞ்சியின் கறியைச் சாப்பிட்டுக் கண்ணீர் விட்டான், ஆனால் கோப்பையை வழித்து முடித்தான். நான் உபசாரத்துக்காக, "நீங்கள் ரஷ்யர்கள் உறைப்புச் சாப்பிட மாட்டீர்கள் என்றல்லவா நினைத்தேன்" என்று டெனிஷில் சொன்னேன். அவன் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தான்.

"நான் ரஷ்யன் இல்லை. பாஷ்கீர். உங்களைச் சிங்களவர் என்று சொன்னால் எப்படி இருக்கும்?"

எனக்குச் செவிட்டில் அறைந்தது போல இருந்தது. முப்பத்தைந்து வருடமாக என்னை 'இந்தியன்' என்று கூப்பிடும் டெனிஷ்காரர்களைத் திருத்தித் திருத்திக் களைத்த ஆள் நான். என் மேசையில், என் இறைச்சிக் கறிக்கு முன்னால், அதே பிழையை நானே விட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனால் பெடியனை அந்த நிமிடமே எனக்குப் பிடித்துவிட்டது.

அன்று இன்னொரு வேடிக்கையும் வெளிவந்தது. இந்த நாட்டில் குடிவந்தவர்களைக் கணக்கெடுப்பில் 'மேற்கத்தைய', 'மேற்கத்தையரல்லாத' என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எஸ்தோனியா மேற்கில் சேர்த்தி. ஆகவே யூரல் மலைப் பக்கத்து வம்சமான இல்தார், வந்து நாலு வருடமான பெடியன், மேற்கத்தையன். ஹொல்ஸ்டெப்ரோ ஆஸ்பத்திரியில் பிறந்து, இங்குள்ள பேக்கரிப் பாணில் வளர்ந்த என் மகள் மேற்கத்தையரல்லாதவர்களின் வழித்தோன்றல். அனுஷா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "அம்மா, யோசிக்காதீங்கோ. நான் ஒரு வெள்ளைக்காரனைத்தான் கட்டுறன்."

3

அடுத்த நாளே நூலகத்துக்குப் போனேன். ஆழம் அறியாமல் காலை விட்டாயிற்று, இனியாவது ஆழம் பார்ப்போம் என்ற எண்ணம். ரஷ்யப் பேரரசின் பழைய காலத்தைப் பற்றி டெனிஷில் தடித்த புத்தகங்கள் இருந்தன. அந்தக் குளிர்காலம் முழுவதும் பள்ளிக்கூடத்துக் கொதிகலன் அறையில் இருந்து வாசித்தேன். ரஞ்சி, "பெடியனை விசாரிக்கச் சொன்னால் மனிசன் ராசாவை விசாரிக்குது" என்றாள்.

வாசிக்க வாசிக்க எனக்குப் பிடித்துக்கொண்டது. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் ஜார் மன்னர் வொல்கா நதிக்கரையில் இருந்த கஸான் நாட்டைப் பிடிக்கிறார். பிடித்ததும், அதற்கு அப்பால் காட்டிலும் புல்வெளியிலும் இருந்த பாஷ்கீர் கூட்டங்கள் ஒவ்வொன்றாகத் தூது அனுப்புகின்றன. உங்களோடு சேருகிறோம், வருடா வருடம் தேனும் மரநாய்த் தோலும் நரித் தோலும் தருகிறோம். எங்கள் காணி எங்களுக்கு, எங்கள் வேதம் எங்களுக்கு என்று பேசி முடிக்கிறார்கள். அந்தத் திறைக்கு யசாக் என்று பெயர். ஜார் சம்மதித்துப் பத்திரமும் கொடுக்கிறார்.

இதில்தான் சங்கதி. பாஷ்கீர்களுக்கு அது ஒப்பந்தம். நீ சொல் தவறினால் நானும் என் வழியில் போவேன் என்ற மாதிரி. ஜாருக்கு அது என்றென்றைக்குமான அடிமைச் சாசனம். கொண்டாட்டம் ஒன்று, விருந்து ஒன்று, சத்தியம் ஒன்று; எழும்பிப் போகும்போது இரண்டு பகுதியும் இரண்டு விஷயத்தை மனதில் கொண்டு போகிறார்கள். பிறகு அவர்களுடைய காணியில் கோட்டை வருகிறது, இரும்பாலை வருகிறது, குடியேற்றம் வருகிறது. குடியேற்றம் என்று வாசித்ததும் எங்கள் நாட்டில் தமிழர் காணியில் வந்த குடியேற்றங்கள் ஞாபகம் வந்து புத்தகத்தை மூடி வைத்தேன். பாஷ்கீர்கள் இருநூறு வருடத்தில் திரும்பத் திரும்பக் கிளர்ந்து எழுந்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் நடுவில் மொழிபெயர்ப்பாளர்கள் என்று ஒரு கூட்டம். புல்வெளித் தலைவன் 'சமாதானமாக இருப்போம், நண்பா' என்று சொல்லி அனுப்பினால், மொஸ்கோவில் அது 'உங்கள் பாதத்தூளி கெஞ்சிக் கேட்கிறேன்' என்று வாசிக்கப்படும். அங்கிருந்து வரும் கட்டளை, இங்கே அன்பான விசாரிப்பாக மாறிவிடும். இரண்டு பக்கமும் சந்தோஷம், சண்டை வரும் வரைக்கும்.

ஞானஸ்நானக் கதையும் உண்டு. ஒரு காலத்தில் வொல்காப் பக்கத்துச் சனங்கள் கிறிஸ்தவர்களாக மாறினால் சில வருட வரிவிலக்கும் ஒரு சட்டையும் கிடைத்ததாம். சிலர் சட்டைக்காகவே இரண்டாம் தரமும் போய் முழுகினார்களாம். இதை ரஞ்சிக்கு வாசித்துக் காட்டினேன். காரணத்தோடுதான். எங்கள் வீடு ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகும் வீடு. இல்தார் வீடு முஸ்லிம் வீடு. பெடியனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தால் என்ன என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கதையைக் கேட்டுச் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள். "எனக்குச் சட்டை குடுத்து ஆளெடுக்கத் தெரியாது" என்று சொல்லி அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். அது அவளுக்கு லேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

கலியாணம் நகரசபை மண்டபத்தில் என்று முடிவானது. அனுஷா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "ரெண்டு அம்மாமாரும் எனக்குப் பக்கத்திலை நிக்கோணும். ஒரு ஆள் அழுது கொண்டு வேறை அறைக்குள்ள இருந்தால் நான் கையெழுத்து வைக்கமாட்டன்." சொன்னது தமிழில். டெனிஷிலும் இவ்வளவு பாரதூரமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

4

இல்தாரின் தாய் ஸுஹ்ரா வியாழக்கிழமை பில்லுண்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். கலியாணம் சனிக்கிழமை. இளமையில் யூரல் பக்கத்திலிருந்து எஸ்தோனியாவுக்கு வந்து, துணி ஆலையில் வேலை செய்து, கணவரைப் பறிகொடுத்து, பிள்ளையை வளர்த்தவர். குள்ளமான உருவம், தலைத்துணி பின்பக்கம் முடிச்சு, பெரிய உழைத்த கைகள். அவருக்குப் பாஷ்கீரும் ரஷ்யனும் கொஞ்சம் எஸ்தோனியனும் தெரியும். ரஞ்சிக்குத் தமிழும் சமையலறை டெனிஷும். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை.

மேசையில் இப்படி இருந்தோம்: ரஞ்சி, பக்கத்தில் அனுஷா, எதிரே இல்தார், பக்கத்தில் ஸுஹ்ரா. தமிழ் அனுஷாவிடம் போய் டெனிஷாகும், டெனிஷ் இல்தாரிடம் போய் பாஷ்கீராகும். திரும்பி வரும்போதும் இதே பாதை. தமிழும் டெனிஷும் தெரிந்த நான் நடுவில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு காது கொடுத்தேன்.

ரஞ்சி மூச்சு விடாமல் தொடங்கினாள். "பிள்ளைக்குச் சமையல் தெரியாது. கோபம் வந்தால் கதவை அடிச்சுச் சாத்துவாள். லீவெண்டால் பத்து மணி வரைக்கும் படுக்கை. பிறகு வளர்த்த வளர்ப்பு எண்டு எங்களைக் குறை சொல்லக்கூடாது, இப்பவே சொல்லிப்போட்டன்."

அனுஷா டெனிஷில் சொன்னாள்: "உங்களைக் கண்டது அம்மாவுக்கு மிகவும் சந்தோஷம்."

ஸுஹ்ரா கையை ஆட்டி, பெருமூச்சு விட்டு, மகனின் தலையைச் சுட்டிக்காட்டி ஒரு பிரசங்கமே செய்தார். இல்தார் சொன்னான்: "என் அம்மாவுக்கும் அப்படியே."

எனக்கு விளங்கிவிட்டது. மொஸ்கோவின் மொழிபெயர்ப்பாளர்கள் என் வீட்டு மேசையில் வந்து இருக்கிறார்கள்.

அப்போதுதான் கிணறு வெட்டப் பூதம் வெளிக்கிட்டது. எங்கள் வழக்கப்படி பெண் பகுதியாக நாங்கள் கொடுக்க ஆயத்தமாக இருந்தோம். ரஞ்சி தன் தாயின் பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டு மினுக்கி, பயத்தம் பணியாரம், அரியதரம் என்று பலகாரங்கள் அடுக்கி, நடுவில் மாப்பிள்ளைக்கு ஒரு சங்கிலியும் வைத்துக் குசினியில் மூடி வைத்திருந்தாள். அதை எடுக்க எழும்புவதற்கு முன்னால் ஸுஹ்ரா எழும்பித் தன் பையைத் திறந்தார். தேன் போத்தல்கள். பனிபோல ஒரு வெள்ளை ஆட்டுமயிர்ச் சால்வை. கடைசியாக, பவளமும் வெள்ளிக்காசுகளும் கோத்த பெரிய மார்புப் பதக்கம். எல்லாவற்றையும் ரஞ்சிக்கு முன்னால் தள்ளி வைத்தார்.

ரஞ்சியின் முகம் மாறியது. என் பக்கம் சாய்ந்து, "இஞ்சருங்கோ, எங்கட பிள்ளையை விலைக்கு வாங்கவோ வந்தவா?" என்று கேட்டாள். பிறகு இரண்டு கையாலும், மெதுவாக, மரியாதையாக, சால்வையையும் பதக்கத்தையும் திரும்பத் தள்ளினாள்.

"மிகவும் அழகாக இருக்கிறது, இவ்வளவு வேண்டாம் என்கிறா அம்மா" என்று அனுஷா அவசரமாக டெனிஷில் சொன்னாள். இல்தார் அதை இன்னும் இனிப்பாக்கிச் சொல்லியிருப்பான். ஆனால் ஸுஹ்ரா அவர்களைப் பார்க்கவில்லை. ரஞ்சியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சால்வையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். மகனிடம் இரண்டு சொல் சொன்னார்.

"என்ன சொன்னவா?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்குக் களைப்பாம்" என்றான் இல்தார். அவன் காது சிவந்திருந்தது.

அனுஷாவின் முகத்தைப் பார்த்தேன். மூன்று வயதில் கடையில் எங்களைத் தொலைத்துவிட்டு நின்றபோது இருந்த அதே முகம். சனிக்கிழமைக் கலியாணம் நின்றுவிடப் போகிறது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

5

நான் தேத்தண்ணிப் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகவே வைத்தேன்.

"ரெண்டு பேரும் நிப்பாட்டுங்கோ. இனி ஆர் என்ன சொல்லினமோ, அதை அப்படியே சொல்லோணும். ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"அப்பா, அப்படியே சொன்னால் நல்லாயிராது."

"நல்லாயில்லாததையும் சொல்லு. நல்லதை மட்டும் சொல்லிச் சொல்லித்தான் இருநூறு வருசம் அடிபட்டவை."

இதையே டெனிஷிலும் சொன்னேன். இல்தார் என்னைப் பார்த்தான். பிறகு தாய் சொன்ன இரண்டு சொல்லையும் சொன்னான்: "வீட்டுக்குப் போவோம்." அவர்கள் ஊரில் மாப்பிள்ளைப் பகுதி கொண்டுவந்ததைத் திருப்பித் தள்ளினால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தமாம்.

ரஞ்சி திடுக்கிட்டுப் போனாள். "ஐயோ, அப்பிடியில்லை! எங்கட வழக்கத்திலை பொம்பிளைப் பகுதிதான் குடுக்கிறது. மாப்பிள்ளைப் பகுதியிட்டை வாங்கினால் பிள்ளையை வித்த மாதிரி. சொல்லு பிள்ளை, அப்பிடியே சொல்லு."

அனுஷா அப்படியே சொன்னாள். இல்தார் அப்படியே சொன்னான். ஸுஹ்ராவின் புருவம் தலைத்துணிக்குள் போய்விட்டது. அவர் பதில் சொல்ல, அது டெனிஷாகி, தமிழாகி வந்தது.

"அவா சொல்லுறா, தங்கட வழக்கத்திலை மாப்பிள்ளைப் பகுதிதானாம் குடுக்கிறது. வெறுங்கையோட வந்து பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு போனால் களவெடுத்த மாதிரியாம்."

ஒரு வீடு விற்கப் பயந்தது, மற்ற வீடு களவெடுக்கப் பயந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஸுஹ்ரா சிரிக்கவில்லை. ஒரு தேன் போத்தலைக் கையில் எடுத்தார். இந்தத் தேன் தன் தமையனின் ஊர்க் காட்டு மரத்திலிருந்து வந்தது என்றார். அனுஷா சொல் சொல்லாகத் தமிழாக்கினாள்.

"எங்கட ஆக்கள் ஜாருக்குத் தேன் குடுத்தவையாம். உறவுக்கெண்டு குடுத்தவையாம். அவர் வரியெண்டு சொல்லி வாங்கினவராம். உறவெண்டால் திரும்பி ஏதாவது வருமாம். வரியெண்டால் ஒண்டும் வராதாம். அதாலை, நீங்களும் குடுங்கோவாம். தான் சந்தோசமா வாங்குறாவாம். ஆனால் தான் கொண்டுவந்ததை நீங்களும் வாங்கோணுமாம்."

குளிர்காலம் முழுக்கத் தடித்த புத்தகங்களில் நான் தேடியதை அவர் தேன் போத்தலோடு சொல்லி முடித்துவிட்டார். ரஞ்சி எழும்பிக் குசினிக்குப் போனாள். தாம்பாளத்தோடு வந்தாள். இரண்டு பெண்களும் நின்றபடியே, ஒருவர் கையில் தாம்பாளமும் மற்றவர் கையில் சால்வையுமாக, யார் முதலில் நீட்டுவது என்று தெரியாமல் தடுமாறினார்கள். இல்தார்தான் டெனிஷில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினான். ஒரே நேரத்தில் கை மாறியது.

ஸுஹ்ரா தாம்பாளத்தின் விளிம்பைத் தடவினார். அங்கே ரஞ்சியின் தாயின் பெயரெழுத்து புள்ளி புள்ளியாக 'வே.ர' என்று வெட்டியிருக்கும். இது என்ன குறி என்று கேட்டார். எங்கள் ஊரில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டுவோம் என்று ரஞ்சி சொன்னாள். கலியாண வீடு, செத்த வீடு என்று பாத்திரங்கள் ஊர் சுற்றும். பெயர் இருந்தால் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும். வெறுமையாக வராது, அதில் ஏதாவது வைத்துத்தான் வரும். இதைக் கேட்டதும் ஸுஹ்ரா தேன் போத்தலின் மூடியைத் திருப்பிக் காட்டினார். மையால் வரைந்த ஒரு சின்னக் குறி, கவட்டைத் தடி மாதிரி. அது அவருடைய கூட்டத்தின் குறியாம். அவர்களுடைய தேன் மரங்களில் அதைத்தான் வெட்டுவார்களாம். பிள்ளை தனிக் குடித்தனம் போனால் அதே குறியோடு ஒரு கோடு கூட்டிக்கொள்வானாம்.

அதன் பிறகு மொழிபெயர்ப்பாளர்களுக்கு வேலை குறைந்துவிட்டது. இரண்டு பெண்களும் பணியாரத்தைத் தேனில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவர் தமிழிலும் மற்றவர் பாஷ்கீரிலும் பிள்ளைகளைக் குறை சொன்னார்கள்.

சனிக்கிழமை நகரசபை மண்டபத்தில் இரண்டு தாய்மாரும் அனுஷாவின் இரண்டு பக்கமும் நின்றார்கள். கூறைச் சேலைக்கு மேலே அந்தக் காசுப் பதக்கம். காசுகளில் பழைய ஜார் மன்னர்களின் தலைகள் இருந்தன. பாஷ்கீர்ப் பெண்கள் ராசாவின் தலையில் துளை போட்டு மாலையாகக் கோத்திருக்கிறார்கள். இதைவிடச் சுத்தமான அரசியலை நான் எந்தப் புத்தகத்திலும் வாசிக்கவில்லை.

ஸுஹ்ரா திரும்பிப் போகும்போது ரஞ்சி மிச்சப் பணியாரத்தைப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுக் கொடுத்தாள். தாம்பாளத்தைக் கொடுக்கவில்லை. அது தாயின் தாம்பாளம். கோயில் விருந்துக்குக் கேட்டாலே, தானும் கூடப் போய்த் தானே கையோடு கொண்டுவருவாள்.

6

ஸுஹ்ரா அனுப்பி நேற்று வந்த பொதியைக் குசினி மேசையில் வைத்துத் திறந்தோம். இரண்டு தேன் போத்தல், ஒன்று ஒழுகியிருந்தது. மூடியைத் துடைத்தபோது அந்தக் கவட்டைத் தடிக் குறி தெரிந்தது. ஆனால் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு கூட இருந்தது. பிழையாக விழுந்த கோடோ என்று மற்றதையும் துடைத்துப் பார்த்தேன். அதிலும் இருந்தது.

"இஞ்சரும், இதைப் பாரும்" என்றேன். "பிள்ளையளைத் தனிக் குடித்தனமா எழுதிப்போட்டா. அனுஷாவும் இப்ப அவையின்ரை குறிக்குள்ள."

ரஞ்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிள்ளை போய்விட்டாள் என்று அழப்போகிறாளோ என்று எனக்குப் பயம். அவள் அலுமாரியைத் திறந்து தாம்பாளத்தை எடுத்தாள்.

"ஒரு ஆணியும் சுத்தியலும் கொண்டுவாங்கோ."

கொண்டுவந்து கொடுத்தேன். துவாயை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் தாம்பாளத்தை வைத்து, 'வே.ர' வுக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக அடிக்கத் தொடங்கினாள். பெயர் வெட்டுகிறவன் வெட்டியது போல வரவில்லை, கொஞ்சம் கோணல்தான். ஆனால் வாசிக்கலாம். 'ஸு'. பிறகு பணியாரத்தை அடுக்கி, கடதாசி சுற்றி, என்னிடம் பெட்டி கேட்டாள்.

"இது உம்மட அம்மாவின்ரை தாம்பாளமெல்லே? தபாலிலை துலைஞ்சால்?"

"பேர் வெட்டினது துலையாது."

"சரி, திருப்பி அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதட்டோ?"

ரஞ்சி பெட்டியின் வாயை ஒட்டிக்கொண்டே சொன்னாள்:

"அனுப்ப வேண்டாம் எண்டு எழுதுங்கோ. நேரிலை கொண்டுவந்து தரச் சொல்லுங்கோ."